இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர்

1

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள் என்றும், வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்றும் வாட்ஸாப்பில் செய்தி வந்தது. டொரோண்டோக்காரி எழுதுகிறாள், தோஹாக்காரி எழுதுகிறாள். நானும் எழுதுகிறேன் என்று கையைத் தூக்கினேன். குழுவை நடத்தும் தோழி சிரித்தாள்.

"ஏண்டி ஸ்டெல்லா, பெங்களூரு எப்படி வெளிநாடாகும்? திண்டிவனத்துல மத்தியானம் பஸ் ஏறினா ராத்திரி சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

நான் விடவில்லை. வெளிநாடு என்பதைத் தூரத்தை வைத்து அளக்கக் கூடாது என்று வாதாடினேன். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பது எழுத்தாகத் தெரியாமல் கோலமாகத் தெரிந்தால் அது வெளிநாடு. கடையில் கறிவேப்பிலை கேட்பதற்கு முன் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் அது வெளிநாடு. பெற்ற பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா நேராகப் பிடித்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்தால் அதைவிடப் பெரிய வெளிநாடு கிடையாது. அந்தக் கணக்கில் நான் இருபத்து நான்கு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறேன். தோழி கடைசியில் ஒப்புக்கொண்டாள். "சரி, எழுது. ஆனா அழாம எழுது" என்றாள்.

அழுகைக் கதை ஒன்றே ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி இந்த விவேக் நகருக்கு வந்த முதல் வருஷம். நல்ல மழை. வீட்டில் தனியாக இருந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கேட்டுக்கு வெளியே நின்று, "தந்தி பித்திதெ! ஹொரகெ பரபேடி!" என்று கத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எனக்கு அதில் புரிந்தது தந்தி என்ற ஒரே சொல். எங்கள் ஊரில் தந்தி வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்பாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் ஆரோக்கியராஜ் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை முடிந்து வரும்வரை அழுதேன்.

அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தெருவை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "இங்க தந்தின்னா கம்பி, ஸ்டெல்லா. கரெண்ட் கம்பி அறுந்து விழுந்துருக்குது. வெளிய வராதீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

லைன்மேனின் மகள் நான். கரெண்ட் கம்பிக்கு இந்த ஊரில் என்ன பெயர் என்பதை அன்றைக்கு அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

2

இப்போது எங்கள் பிழைப்பு மாவு. வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு சாய்க்கும் கிரைண்டர், ஒரு பெரிய ஃப்ரிட்ஜ். காலையில் அரிசியும் உளுந்தும் ஊறும். மத்தியானம் அரைபடும். சாயங்காலம் பாக்கெட்டில் ஏறிக் கடைகளுக்குப் போகும். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாவிட்டாலும் என் மாவைத் தெரியும். என்னை இந்தத் தெருவில் 'ஹிட்டு அக்கா' என்பார்கள். கன்னடத்தில் ஹிட்டு என்றால் மாவு. இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டபோது முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது ஸ்டெல்லா மேரி என்று கூப்பிட்டால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பெங்களூரில் மாவு சீக்கிரம் பொங்காது. திண்டிவனத்து வெயிலில் சாயங்காலம் அரைத்தால் விடியும்போது பாத்திரம் வழியும். இங்கே குளிர் மாவின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் காலைக்கு இட்லி வேண்டுமென்றால் முந்தின நாள் பிற்பகலுக்குள் அரைத்து முடித்தாக வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. பி.யூ.சி. படிக்கிறாள், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி. பஸ்ஸில் கன்னடம், போனில் ஆங்கிலம், என்னிடம் மட்டும் தமிழ். அந்தத் தமிழும் பாதி வழியில் இறங்கிவிடும். "அம்மா, சும்னே டென்ஷன் ஆவாத, நான் பேக தின்னுட்டு ஹோக்தேன்" என்பாள். சும்மா டென்ஷன் ஆகாதே, சீக்கிரம் தின்றுவிட்டுப் போகிறேன் என்று அர்த்தம். தமிழ் படிக்கத் தெரியாது. ஒரு கோடை விடுமுறையில் அ, ஆ சொல்லிக் கொடுத்தேன். ஈ வரைக்கும் வந்தோம். அதோடு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான் எழுதும் இந்த மலர் அவள் கைக்கு வந்தாலும் என் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் புரட்டிப் பார்ப்பாள்.

ஊருக்குப் போனால் அவளுக்கும் என் அப்பாவுக்கும் இடையே பேச்சு அதிகம் ஓடாது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் தாத்தா." "படிக்கிறியா?" "படிக்கிறேன் தாத்தா." அதற்கு மேல் இருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. இவள் எங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்கிறாளா, இல்லை, எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் யாரோ ஒரு நல்ல பெண்ணாக வளர்கிறாளா என்று.

3

போன வருஷம் மே மாதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. பூசை முடிந்ததும் எல்லாருக்கும் இட்லி, சாம்பார். அந்த இட்லிக்கு மாவு எங்கள் வீட்டிலிருந்து. இவ்வளவு வருஷத்தில் கோயிலிலிருந்து எனக்கு வந்த முதல் ஆர்டர் அது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரின் கோடை மழை அடித்தது. இந்த ஊர் மழை வருவதற்கு முன் மரங்கள் சாய்ந்துவிடும் போலிருக்கும். எங்கள் தெருவில் ஒரு பெரிய மேஃப்ளவர் மரக் கிளை முறிந்து மின் கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்துவிட்டது. தெருவின் கடைசிக் கம்பத்திலிருந்து இணைப்பு வாங்கும் மூன்று வீடுகள் இருண்டன. எங்கள் வீடு, பக்கத்து வீட்டு மைக்கேல் அங்கிள் வீடு, அதற்கடுத்துப் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு.

காலையில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அரிசியை ஊறப் போட்டேன். காலையில் வரவில்லை. மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தால், ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, ஆள் வரும்போது வருவார்கள் என்றார்கள். மத்தியானமாகிவிட்டது. ஊறிய அரிசி உப்பிப் போய் என்னைப் பார்த்தது.

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. என் கணவர் அதிலிருந்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை இறக்கினார். பீன்யாவில் அவர் வேலை செய்யும் பட்டறையில் ஓரமாகக் கிடந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்து அவர் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது. அது ஒரு வயர். இரண்டு முனையிலும் மூன்று பின் பிளக்.

"இன்னாங்க இது?"

"இந்தப் பக்கம் ஜெனரேட்டர்ல குத்தணும். அந்தப் பக்கம் நம்ம கிச்சன் பாயிண்ட்ல குத்தணும். வீடு மொத்தத்துக்கும் கரெண்ட் வந்துடும். ஃப்ரிட்ஜு, கிரைண்டரு, ஃபேனு எல்லாம் ஓடும்."

"வேணாங்க."

"மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுவேன். எனக்குத் தெரியாதா?"

"ஆஃப் பண்ண மறந்துட்டா? நீங்க பண்ணிட்டு வெளிய போறீங்க, கரெண்ட் வந்துடுச்சான்னு பாக்க வேற யாராவது ஆன் பண்ணிட்டா? நம்ம வீட்டு கரெண்ட் தெருக் கம்பிக்குப் போவும். கம்பத்துல எவன் கை வெச்சிருக்கானோ அவன் கைக்குப் போவும்."

"ஊரே இப்படித்தான் பண்ணுது, ஸ்டெல்லா. நாளைக்குக் கோயில்ல இன்னா சொல்லுவ? ஃபாதருக்கு இன்னா பதில் சொல்லுவ?"

"மாவு இல்லேன்னு சொல்லுவேன். ஒரு ஆள் இல்லேன்னு யார் கிட்டப் போய்ச் சொல்றது?"

குரல் உயர்ந்துவிட்டது. போனில் மூழ்கியிருந்த ஜெனி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, ஏனாய்த்து, என்ன ஆச்சு? ஒரு வயருக்கு ஏன் இவ்ளோ கலாட்டா?" என்றாள்.

அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. தாத்தாவின் வலது கையில் இரண்டு விரல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது வேலையில் நடந்த விபத்து என்பதும் தெரியும். எப்படி என்று கேட்டதில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் திண்டிவனத்தில் ஒரு புயல் மழை. என் அப்பா லூர்துசாமி டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கம்பத்தில் ஏறினார். லைன் செத்துவிட்டது என்று அவருக்கு உறுதி. ஆனால் அந்தத் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரை இதே மாதிரி ஒரு வயரால் மண்டபத்து லைனில் சொருகியிருந்தார்கள். மெயினை அணைத்திருந்தார்கள். யாரோ ஒரு விருந்தாளி, கரெண்ட் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று மெயினைத் தூக்கிவிட்டார். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அப்பா மேலே பெல்ட்டில் தொங்கினார். கீழே இருந்தவர்களுக்கு அவர் வேலை செய்கிறாரா, மாட்டிக்கொண்டாரா என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து உயிரோடு திரும்பினார். அதன் பிறகு அவர் கம்பம் ஏறவில்லை. புகார் எழுதும் மேஜையில் உட்கார வைத்தார்கள். ஆனால் எங்கள் வீட்டில் கரெண்ட் போகும்போதெல்லாம் வாசலுக்கு வந்து காதைக் கூராக்கி நிற்பார், எந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது என்று. நானும் பக்கத்தில் போய் நிற்பேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

சொல்லி முடித்தபோது ஜெனி போனைக் கீழே வைத்திருந்தாள். என் கணவர் எழுந்தார். பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து அந்த வயரின் ஒரு முனைப் பிளக்கை வெட்டிக் குப்பையில் போட்டார். பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நல்ல தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி வந்தார்.

வீட்டு லைனைத் தொடவே இல்லை. ஜெனரேட்டரைக் காம்பவுண்டுச் சுவரோரம், ஜன்னல்களுக்கு எட்டாமல், மழை படாத தகரக் கூரையின் கீழ் வைத்தோம். மூன்று பக்கமும் திறந்த இடம். அதன் புகை வீட்டுக்குள் வந்தால் வாசனை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அவ்வளவு தள்ளி வைத்தோம். ஒரு கிரைண்டரை முற்றத்துக்கு உருட்டி வந்து அதை மட்டும் ஜெனரேட்டரோடு சேர்த்தோம். ஃப்ரிட்ஜ் இல்லை, ஃபேன் இல்லை. உளுந்து அரைபட ஆரம்பித்தது. என் கணவர் என் பக்கம் திரும்பாமல், "உங்கப்பா கிட்டச் சொல்லு, வயர வெட்டிட்டேன்னு" என்றார்.

4

பிற்பகலில் லைன்மேன் வந்தார். இளைஞர். பெயர் சரணப்பா, கலபுரகிப் பக்கத்துக்காரர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. கூட வந்தவர் அடுத்த தெருவில் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். சரணப்பா டிரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எங்கள் வீட்டெதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாய்த்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.

அப்போது எங்கள் ஜெனரேட்டர் நின்றிருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. சூட்டோடு பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பதால் ஆறட்டும் என்று விட்டிருந்தோம். நான் முற்றத்தில் மாவு வழித்துக்கொண்டிருந்தேன். தெரு அமைதியாக இருந்தது.

பக்கத்து வீட்டுப் பின்பக்கம் ஒரு எஞ்சின் இருமியது. ஒருமுறை, இரண்டுமுறை. பிறகு ஓட ஆரம்பித்தது.

அதே நேரம் எங்கள் ஹாலில் இருந்து ஜெனி கைதட்டினாள். "அம்மா, கரெண்ட் பந்த்து, வந்துடுச்சு! ஃபேன் ஓடுது!"

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ட்யூப் லைட் எரிகிறது. கம்பத்தைப் பார்த்தேன். அறுந்த கம்பி அப்படியே தொங்குகிறது. சரணப்பா ஏணியின் பாதியில் இருக்கிறார். கம்பி சேரவில்லை, ஃப்யூஸ் கீழே கிடக்கிறது. பின் இந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மைக்கேல் அங்கிளின் வீட்டிலிருந்து கம்பத்துக்கு ஏறி, கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. நடுவில் அந்த ஆள் ஏறிக்கொண்டிருக்கிறார்.

மாவுக் கையோடு கேட்டுக்கு ஓடினேன். "தம்பி! கரெண்ட் இருக்கு! தொடாதீங்க!" என்று கத்தினேன். வந்தது தமிழ். இத்தனை வருஷமாகப் பேசிய கன்னடத்தில் ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. சரணப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கரெண்ட் எப்போது வரும் என்று கேட்கும் இன்னொரு அம்மாள் என்று நினைத்திருப்பார். 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கையைக் காட்டிவிட்டு இன்னும் ஒரு படி ஏறினார்.

ஜெனி என் பின்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். எரியும் ட்யூப் லைட்டைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் கேட்ட கதை அவளுக்குள் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் ஒன்றும் விளக்கவில்லை. செருப்பில்லாமல் தெருவில் ஓடினாள். நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"அண்ணா, ஹத்தபேடி! கெளகெ இளீரி! லைன்னல்லி கரெண்ட் இதெ!"

ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள், லைனில் கரெண்ட் இருக்கிறது.

சரணப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஏனவ்வா?" என்றார், என்னம்மா என்று.

"கரெண்ட் இதெ அண்ணா! பக்கத் மனேது ஜெனரேட்டர்! இளீரி, இளீரி!"

அவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்து, ஒரு நீளக் கழியின் நுனியில் மாட்டிய டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்தார். சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் அதற்குள் மைக்கேல் அங்கிள் வீட்டுக்குள் ஓடிப் போய் எஞ்சினை நிறுத்தியிருந்தார். எங்கள் ட்யூப் லைட் அணைந்தது. மைக்கேல் அங்கிள் வெளியே வந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், ஒரு எறும்பை மிதிக்க யோசிக்கும் மனிதர். தண்ணீர்த் தொட்டி காலி, மோட்டார் போட வேண்டும், அவ்வளவுதான் அவர் நினைத்தது. மெயினையும் அணைத்துத்தான் இருந்தார். ஆனால் அந்த வீட்டு மாடியை வாடகைக்கு விட்டபோது மீட்டர் இரண்டாகிவிட்டது. மெயினும் இரண்டு. அவர் அணைத்தது மாடி மெயினை.

"நான் ஆஃப் பண்ணினேன் ஆரோக்கியம், சத்தியமா ஆஃப் பண்ணினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் கணவர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "மத்தியானம் நானும் இதேதான் பண்ண வந்தேன், அங்கிள்" என்றார்.

சரணப்பா தண்ணீர் குடித்தார். ஜெனியைப் பார்த்துக் கைகூப்பினார். "நன் ஜீவ உளிஸ்தி, தங்கி" என்றார். என் உயிரைக் காப்பாற்றினாய், தங்கச்சி. அவள் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள், சின்னப் பிள்ளையாக இருந்தபோது செய்வது போல.

பிறகு அவர் எழுந்து, எங்கள் மூன்று வீட்டு இணைப்பையும் கழற்றி, லைனைத் தரையோடு இணைத்து எர்த் செய்துவிட்டு, வேலையை முடித்துத் தந்தார். இருட்டுவதற்குள் உண்மையான கரெண்ட் வந்தது. மீதி அரிசியை வீட்டுக்குள்ளேயே அரைத்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மாவு கொஞ்சம் தாமதமாகத்தான் பொங்கியது. ஆனால் பொங்கியது. வெள்ளை கவுனில் பிள்ளைகள் சாம்பாரைச் சிந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஃபாதர் என்னிடம் வந்து, "இட்லி பூ மாதிரி இருக்கு" என்றார். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பூரித்தது அதற்கில்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெனியை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் அங்கிள் அவளைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் தப்பையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

ஜெனரேட்டரைப் பட்டறை முதலாளி எங்களுக்கே கொடுத்துவிட்டார். இனி அதை முறையாக வீட்டோடு சேர்க்க வேண்டும். அதற்கு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஊரில் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் வாங்கும் காலம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் வீடு தெரு லைனோடு சேரும். கீழே தள்ளினால் ஜெனரேட்டரோடு சேரும். நடுவில் நிறுத்தினால் எதனோடும் சேராது. இரண்டோடும் ஒரே நேரத்தில் சேர்க்க நினைத்தாலும் முடியாது, இரும்பு விடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். யாருடைய ஞாபகத்தையும் நம்பி அது இல்லை. விருந்தாளி வந்து எதைத் தூக்கினாலும் கம்பத்தில் இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் வயருக்கு வெளிச்சுவரில் தனியாக ஒரு இணைப்புப் பெட்டி. வெளியே தெரியும் எந்தப் பிளக் பின்னிலும் கரெண்ட் இருக்காது. இதையெல்லாம் நாமே செய்யக் கூடாது. உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் வந்து, எர்த் பார்த்து, செய்து தர வேண்டும்.

இப்படி ஜெனரேட்டர் வைக்கிறோம் என்று மின்சார அலுவலகத்தில் தகவல் சொல்ல நானே போனேன். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் கன்னட வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். மூன்று மேஜை மாறி, ஒருவர் சாப்பிடப் போயிருந்து, ஒருவர் மேலதிகாரியைப் பார்க்கச் சொல்லி, கடைசியில் ஒரு அம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன். மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அக்கா, தமிழ்லயே சொல்லுங்க. எனக்கு ஆரணி" என்றாள்.

எங்கள் வீட்டிலும் மைக்கேல் அங்கிள் வீட்டிலும் ஒரே வாரத்தில் பெட்டி ஏறியது.

6

இதையெல்லாம் போனில் கேட்ட அப்பா, "நான் வரேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இங்கே வந்தது இரண்டே தரம். ஒரு நாள் தங்கினால் மறுநாள் பையைத் தூக்கிக்கொள்வார். இந்தத் தரம் அவராகவே பஸ் ஏறி வந்தார்.

வந்ததும் காப்பி குடிக்கவில்லை. நேராக மெயின் போர்டின் முன் போய் நின்றார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்து மேலே, நடுவே, கீழே, மறுபடி மேலே என்று தள்ளிப் பார்த்தார். வீட்டு விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. "நல்ல சாமான்" என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, "வயர வெட்டினீங்களாமே, மாப்பிள்ள" என்றார். என் கணவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

ஜெனி சரணப்பாவுக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் வேலையாக வந்திருந்தவர் ஏணியைத் தோளில் வைத்தபடியே வாசலுக்கு வந்தார். அப்பாவுக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெனி நடுவில் நின்றாள்.

"கையுறை குடுக்கறாங்களான்னு கேளு."

கேட்டாள். "குடுக்கறாங்களாம் தாத்தா. ஆனா சைஸு பெரிசாம்."

"ஏறதுக்கு முன்னாடி டெஸ்டர் வெக்கச் சொல்லு. ஃப்யூஸ் கையில இருந்தாலும் வெக்கணும். எர்த் பண்ணாம தொடக் கூடாதுன்னு சொல்லு."

அவள் சொன்னாள். சரணப்பா தலையாட்டினார். அப்பாவின் வலது கையைப் பார்த்தார். ஜெனியிடம் ஏதோ கேட்டார். அவள் நீளமாக ஒன்று சொன்னாள். கல்யாண மண்டபம் என்பது எனக்குக் கேட்டது, பெல்ட் என்பது கேட்டது. அன்றைக்கு மத்தியானச் சண்டையில் நான் அவசரமாகச் சொன்ன கதையை அவள் ஒன்று விடாமல் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். சரணப்பா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர்களுக்குள் அப்போது மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அவர் போன பிறகு அப்பா முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஜெனி, இங்க வா. அன்னிக்கு என்னன்னு கத்தின?"

சொன்னாள்.

"இப்படியா கத்தின? இது கம்பத்து மேல கேக்காதே. அன்னிக்குக் கத்தின மாதிரி கத்து."

"அய்யோ தாத்தா, எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். எனக்குக் கேக்கணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

"அண்ணா, ஹத்தபேடி! கெளகெ இளீரி! லைன்னல்லி கரெண்ட் இதெ!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. தெருமுனைக் கடைக்காரர் வெளியே வந்தார். மைக்கேல் அங்கிள் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "நான் இல்ல, என் ஜெனரேட்டர் ஆஃப்ல இருக்குது!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்பா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர் பேத்தியின் தலையில் அந்த வலது கையை வைத்தார்.

"அன்னிக்கு எனக்குக் கத்தறதுக்கு ஆள் இல்லாமப் போச்சு, கண்ணு" என்றார். "பரவால்ல. இப்ப நம்ம வீட்ல ஒரு ஆள் இருக்குது."

ஜெனிக்கு எல்லாச் சொல்லும் புரிந்தது. இந்தத் தரம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.